ஊடுகதிர்ப் படமும் அதனை வாசிப்பவரும்

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுவார் வள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பனவே அந்நான்கு. அவர் காலத்திற்குப் பின் மருத்துவம் எவ்வளவோ விரிந்துவிட்டது. உடலைக் கீறாமலே உள்ளிருப்பதைப் படமாக்கிக் காட்டும் கருவிகள் வந்துள்ளன. அப்படங்களை வாசித்து, இஃது இன்ன நோய் என்று கூறும் நிபுணரும் வந்துள்ளார். எனினும், வள்ளுவர் நான்காவதாக வைத்த அந்தத் துணைவனே இன்றும் முசலி போன்ற கரையோரங்களில் நோயாளியை அந்நிபுணரிடம் கொண்டு சேர்ப்பவனாக உள்ளான். அவன் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பிறநாடுகளிற் குடியேறிய பழைய மாணவர் சிலர், மன்னார்ப் பக்கத்திலுள்ள உறவினரின் நோய்குறித்து எழுதுமிடத்து ஒரு வினாவை விடுப்பதுண்டு. “அரசாங்கக் காப்புறுதியை ஏற்றுக்கொள்ளும் கதிரியல் நிபுணர் அங்கே எவரேனும் உளரோ?” என்பதே அவ்வினா. அவர்கள் வாழும் நாட்டில் அது முற்றிலும் பொருத்தமான வினா. நம் நாட்டிலோ அவ்வினாவை அவ்வாறே எடுத்துக்கொண்டு புறப்படுபவர் வழி தவறுவர். வழி தவறுதல் கொழும்பிலே வாழ்பவர்க்கு ஒரு மணிநேர இழப்பு. மறிச்சுக்கட்டியிலோ முள்ளிக்குளத்திலோ வாழ்பவர்க்கு அது ஒரு நாட் கூலியும், பேருந்துச் செலவும், சிலவேளை உயிருமாகும். ஆதலின் இப்பொருளை முசலியை வைத்தே விளக்குதல் தகும்.

படம் எடுப்பவரும் படம் வாசிப்பவரும்

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். வைத்தியசாலையின் ஊடுகதிர்ப் பகுதிக்குச் சென்றால், நோயாளியை நிறுத்தியும் கிடத்தியும் மூச்சை அடக்கச் சொல்லியும் படம் எடுப்பவர் ஒருவரைக் காண்கின்றோம். அவர் ஊடுகதிர்ப் படப்பிடிப்பாளர். அத்தொழிலை முறையாகப் பயின்றவர் அவர். ஆயினும் நோயை நிர்ணயித்தல் அவர் பணியன்று. படத்தை வாசித்து அறிக்கை எழுதுபவர் கதிரியல் வைத்திய நிபுணர். மருத்துவப் பட்டம் பெற்று, உள்ளகப் பயிற்சி முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திற் கதிரியலைப் பல்லாண்டு கற்றுத் தேறியவர் அவர். அவரைப் பெரும்பாலான நோயாளர் முகங்கண்டும் அறியார்.

ஒலியலையால் எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் இதற்கு விலக்கு. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் அதனைப் பெரும்பாலும் கதிரியல் நிபுணரோ அவரின்கீழ்ப் பணிபுரியும் வைத்தியரோ தம் கையாலேயே செய்வர். இவ்வேறுபாட்டினால் விளையும் பயன் ஒன்றுண்டு. கையெலும்பு முறிந்தவனுக்கு நிபுணர் இல்லாத நாளிலும் படம் எடுக்கலாம்; சிகிச்சை செய்யும் வைத்தியரே அதனைப் பார்த்துக் கட்டுப்போடுவார். வயிற்றை ஸ்கான் செய்ய வேண்டியவனோ நிபுணர் இருக்கும் நாளையே நோக்கியிருத்தல் வேண்டும். “படம் எடுக்கும் இடம் எங்கே?” என்பதும் “வாசிப்பவர் எங்கே?” என்பதும் வெவ்வேறு வினாக்களாதல் இதனாற் பெறப்படும்.

தமிழ் கற்றோர்க்கு இதனை விளக்க ஏட்டுச்சுவடியினும் சிறந்த உவமை இல்லை. பழைய ஏடுகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவாய்த் தோன்றும். காலும் ரகரமும் வேறுபாடின்றிக் கிடக்கும். எழுத்தாணி பிடித்து அழகாக எழுதியவர் ஒருவர். அவ்வெழுத்தைப் பொருளறிந்து பிரித்துப் பதிப்பித்தவர் வேறொருவர். நம் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் இல்லாவிடின் எத்தனையோ ஏடுகள் இருந்தும் இல்லாதனவாகவே போயிருக்கும். நிழலும் ஒளியுமாய்க் கிடக்கும் ஊடுகதிர்ப் படமும் அத்தகைய ஓர் ஏடே. மார்பின் படத்தில் ஒரு வெண்புள்ளி, ஆறிய பழைய வடுவோ, காசநோயோ, புற்றோ, இரத்தக்குழாய் குறுக்கே தோன்றும் தோற்றமோ என்று பிரித்தறிவது பயிற்சி பெற்ற கண். அக்கண் படாத படம் பதிப்பாசிரியன் கை படாத ஏடு போன்றது.

நால்வகைப் படங்கள்

இனி, படவகைகளைச் சுருக்கிக் கூறுவோம்.

1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள், செருமனியிலுள்ள வூர்ட்ஸ்பூர்க் நகரிலே றொண்ட்கன் என்னும் பௌதிக அறிஞர், கண்ணுக்குப் புலனாகாத கதிரொன்று அட்டையையும் மரத்தையும் ஊடுருவிச் செல்வதைக் கண்டார். அதன் இயல்பு அறியப்படாமையின் கணிதத்தில் அறியாக்கணியத்தைக் குறிக்கும் எழுத்தையே அதற்குப் பெயராக வைத்து எக்ஸ் கதிர் என்றார். அவ்வாண்டு திசம்பர் 22 ஆம் நாள் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் விரலில் அணிந்த மோதிரமும் அதிலே தெரிந்தன. பௌதிகத்திற்கான முதல் நோபெற் பரிசு 1901 இல் அவருக்கே கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை; பரிசுப் பணத்தையும் தம் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். பிறந்தபோதே உலகுக்குப் பொதுவாக வழங்கப்பட்ட கலை இஃது என்பதை நாம் மறத்தலாகாது. எலும்பு முறிவு, நுரையீரல் நோய், குடலடைப்பு ஆகியவற்றுக்கு இன்றும் முதற்படம் இதுவே.

இரண்டாவது அல்ட்ராசவுண்ட். வௌவால் ஒலி எழுப்பி எதிரொலியால் வழியறிவதுபோல, செவிக்கு எட்டாத ஒலியை உடலுள் அனுப்பி அதன் எதிரொலியைப் படமாக்குவது இது. கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தின் குற்றங்களை அறியப் பயன்பட்ட கருவியை மருத்துவத்திற்குத் திருப்பி, 1958 இல் தம் ஆய்வை வெளியிட்டார். இதிலே கதிர்வீச்சு இல்லை. ஆதலாற் கருவுற்ற தாயர்க்கு இதுவே உகந்தது. ஈரல், பித்தப்பை, சிறுநீரகம், கருப்பை ஆகியன இதில் நன்கு தெரியும்.

மூன்றாவது சி.ரி. ஸ்கான். எக்ஸ் கதிரைப் பல திசைகளிலிருந்தும் செலுத்திக் கணினியாற் கூட்டி, உடலைத் தகடு தகடாக வெட்டிப் பார்த்தாற்போலக் காட்டுவது இது. ஹவுன்ஸ்பீல்ட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளரின் கருவியால் 1971 ஒக்டோபர் முதலாம் நாள் இலண்டனில் நோயாளி ஒருவரின் தலை முதன்முதலிற் படமாக்கப்பட்டது. பனையிலிருந்து வீழ்ந்தவர், மோட்டார் சைக்கிளிலிருந்து தலை மோத வீழ்ந்தவர், திடீரென ஒருபக்கம் செயலிழந்தவர் ஆகியோர்க்கு மணிப்பொழுதுள் விடை கூறுவது இதுவே.

நான்காவது எம்.ஆர்.ஐ. இது பெருங்காந்தத்தின் நடுவே உடலைக் கிடத்தி, வானொலி அலையாற் படம் பெறுவது. இதற்கு வழிகோலிய லாற்றபர், மான்ஸ்பீல்ட் ஆகிய இருவரும் 2003 இல் நோபெற் பரிசு பெற்றனர். மூளை, முள்ளந்தண்டு, மூட்டு ஆகியவற்றின் மென்மையான பகுதிகளை இது நுணுக்கமாகக் காட்டும்.

பெரிய கருவியே சிறந்த கருவி என்று எண்ணுதல் பிழை. பித்தக்கல்லைப் பல சமயங்களில் சி.ரி. ஸ்கானினும் அல்ட்ராசவுண்ட் நன்கு காட்டும். இதற்கு மாறான எடுத்துக்காட்டும் முசலிக் கடலிலேயே உண்டு. அரிப்பு, சிலாவத்துறைக் கடற்பரப்பு பண்டு முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்றது. தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடக் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு அரிப்பிலே கடலரிப்புக்கு ஆளாகி நிற்கின்றது. இக்காலத்தார் காற்றுருளையை முதுகிற் கட்டிச் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுகின்றனர். ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுவோரின் குருதியிலே நைதரசன் குமிழாகி, காலப்போக்கிற் தோள், இடுப்பு மூட்டுக்களின் எலும்பு குருதியோட்டமின்றி இறந்துபடுவதுண்டு. தொடக்கத்தில் இதனைச் சாதாரண எக்ஸ்றே காட்டாது, எம்.ஆர்.ஐ. காட்டும். “படம் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள்” என்று கூறி மீண்டும் கடலுக்குச் செல்லும் சுழியோடி, தான் கடலோடி என்பதை வைத்தியரிடம் கூறியிருந்தால் வேறு படம் எழுதப்பட்டிருக்கும். எந்தப் படம் என்பதைத் தீர்மானிப்பது நோயாளியின் வரலாறு. அவ்வரலாற்றைக் கேட்டு எழுதுபவர் வைத்தியர். அவ்வெழுத்தே நிபுணரின் வாயிலைத் திறக்கும் திறவுகோல்.

பிறநாட்டு முறையும் நம் முறையும்

செருமனியிலே 1883 இல் நோய்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. அங்கே பொதுக் காப்புறுதி பெற்றோர், அக்காப்புறுதியோடு இணைக்கப்பட்ட வைத்தியரையே நாடுதல் வேண்டும்; கதிரியல் நிபுணரிடம் செல்வதற்கு முதல் வைத்தியரின் கடிதமும் வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அரசாங்கச் சுகாதார அட்டையும் வைத்தியரின் வேண்டுகோட் படிவமும் இருந்தால், தனியார் நடத்தும் பட நிலையத்திலும் நோயாளி பணம் கொடாமற் பரிசோதனை பெறலாம். இத்தகைய நாடுகளிலே “காப்புறுதியை ஏற்பவர் யார்?” என்று வினவுதல் இயல்பே.

இலங்கையின் முறை வேறு. பிரித்தானியாவில் 1948 சூலை 5 ஆம் நாள் தொடங்கிய தேசிய சுகாதார சேவையை ஒத்தது அது. அரசாங்கம் வரிப்பணத்தால் வைத்தியசாலையை நடத்துகின்றது. நிபுணருக்குச் சம்பளம் கொடுக்கின்றது. நோயாளிக்குக் கட்டணமின்றிச் சேவை கிடைக்கின்றது. அட்டை இல்லை, சந்தா இல்லை. ஏற்பவர், ஏலாதார் என்ற பிரிவும் இல்லை. மீனவனாயினும், நெல்விதைப்பவனாயினும், நகரத்துச் செல்வனாயினும் அரசாங்க வைத்தியசாலையின் கதிரியல் நிபுணர் அனைவர்க்கும் பொதுவானவர். ஆதலின் நம் நாட்டிலே வினாவை மாற்றி, “அந்நிபுணரிடம் செல்லும் கடிதத்தை எங்கே பெறுவது?” என்று கேட்டல் வேண்டும்.

முசலியிலிருந்து செல்லும் வழி

முசலிப் பிரதேசம் மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலப்பரப்பின் கரையோரத்திற் கிடப்பது. அருவியாறு கடலிற் கலக்கும் அரிப்பும், சிலாவத்துறையும், கொண்டச்சியும், தெற்கே மறிச்சுக்கட்டியும் முள்ளிக்குளமும் இதனுள் அடங்கும். இங்குள்ள முஸ்லிம் மக்கள் 1990 இல் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலும் புத்தளத்தில் அகதிகளாய் வாழ்ந்தனர். 2009 இற்குப் பின் பலர் மீண்டுவந்தனர். தமிழ் மக்களும் போரினால் இடம்பெயர்ந்து அலைந்தவர்களே. இவ்வரலாற்றை இங்கே கூறுதற்குக் காரணம் உண்டு. ஒரு குடும்பத்தின் ஒருபாதி புத்தளத்திலும் மறுபாதி முசலியிலும் வாழ்தலால், கிளினிக் கொப்பி ஓரிடத்திலும் நோயாளி மற்றோரிடத்திலுமாகக் கிடத்தல் இங்கே சாதாரணம். பழைய படம் இன்றிப் புதிய படத்தை வாசிப்பது, முதலேடு இழந்த சுவடியை இடையிலிருந்து படிப்பதை ஒக்கும்.

வழியின் முதற்படி சிலாவத்துறை வைத்தியசாலை. அங்குள்ள வைத்தியர் நோயை ஆராய்ந்து, வேண்டுமாயின் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதித் தருவார். ஊரவர் இதனைத் துண்டு என்பர். பெயருக்குத் துண்டாயினும் அதன் பெறுமதி பெரிது. எத்துணை நாளாக நோய், என்ன மருந்து கொடுக்கப்பட்டது, எதனை ஐயுறுகின்றார் என்பன அதில் இருக்கும்.

இரண்டாம்படி மன்னார். அருவியாற்றைக் கடந்து, தள்ளாடியைத் தாண்டி, தாம்போதியின் வழியே தீவுக்குட் புகுந்து வெளிநோயாளர் பிரிவுக்கோ உரிய கிளினிக்குக்கோ செல்லுதல் வேண்டும். கடிதத்தோடு நேரே ஊடுகதிர்ப் பகுதியின் கதவைத் தட்டிப் பயனில்லை. கிளினிக்கில் உள்ள வைத்தியர் படத்துக்குரிய வேண்டுகோட் படிவத்தை நிரப்புவார். அப்படிவத்தைக் கொடுத்த பின்னரே நாள் குறிக்கப்படும். அவசரமானால் வைத்தியர் அதனைப் படிவத்திலே குறித்தல் வேண்டும். நோயாளி வாயாற் சொல்லும் அவசரம் வரிசையை மாற்றாது. ஆதலின், “ஐயா, இது பொறுக்கக் கூடியதா?” என்று கிளினிக்கிலேயே வினவி அறிதல் நன்று.

மூன்றாம்படி, மன்னாரிற் செய்ய இயலாத பரிசோதனைக்கு உரியது. வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலை, யாழ்ப்பாணம், அனுராதபுரம் ஆகிய போதனா வைத்தியசாலைகள் என்பன இப்பகுதியினர்க்கு அடுத்த இடங்கள். போதனா வைத்தியசாலைகள் இரண்டிலும் சி.ரி., எம்.ஆர்.ஐ. ஆகிய பெருங்கருவிகள் உண்டு. 2011 சனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லுதல் எளிதாயிற்று. எந்த ஊருக்குச் செல்வது என்பதை நோயாளி தானே தேர்ந்துகொண்டு புறப்படுதல் தகாது. அனுப்பும் வைத்தியர் பெறும் வைத்தியசாலையோடு பேசி நாள் குறித்துத் தந்தால், வரிசையில் ஓரிடம் உறுதியாகும். இல்லையேல் விடியற்காலையிற் புறப்பட்டு, மாலையில் வெறுங்கையோடு மீள நேரும்.

அரசாங்க நிபுணர்கள் இடமாற்றத்துக்கு உட்பட்டவர்கள் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டும் சென்றனர். சென்ற ஆண்டு இருந்தவர் இவ்வாண்டு இல்லாதிருக்கலாம். ஆதலின் செல்லுமுன் தொலைபேசியில் அழைத்து மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். கதிரியல் நிபுணர் இப்போது கடமையில் உள்ளாரா? இப்பரிசோதனை எந்நாட்களில் நடைபெறுகின்றது? அறிக்கை அன்றே கிடைக்குமா, பின்னர் வருதல் வேண்டுமா? இம்மூன்றும் ஒரு பயணத்தை மிச்சமாக்கும்.

விபத்து, மூச்சுத்திணறல், திடீர்ப் பக்கவாதம் முதலியவற்றில் இவ்வொழுங்கு ஒன்றும் வேண்டா. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தாற் சுவசெரிய நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வரும். 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களிற் தொடங்கி 2018 இல் வடக்குக்கும் விரிந்த சேவை இது. பக்கவாதத்திலே முதற்சில மணிநேரத்துள் சி.ரி. ஸ்கான் எடுத்தால்தான், அடைப்பா குருதிப்பெருக்கா என்று பிரித்துத் தக்க மருந்து கொடுக்க இயலும். அங்கே கடிதத்தினும் காலமே பெரிது.

தனியார் நிலையமும் காப்புறுதியும்

அரசாங்க வரிசை நீளமாயிருத்தலாற் பலர் தனியார் நிலையங்களை நாடுகின்றனர். அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் ஒரு காட்சியை நாம் பன்முறை கண்டுள்ளோம். தாலிக்கொடியை அடகுவைத்து, வைத்தியரின் கடிதமின்றி, அயலார் சொற்கேட்டு ஒரு பெரிய ஸ்கானை எடுத்து வருவர். அதனை நோக்கிய வைத்தியர், இந்நோய்க்கு இந்தப் படமன்று, வேறொன்று வேண்டும் என்பார். பணமும் போயிற்று, நாளும் போயிற்று. கடிதம் இலவசம், கடிதமில்லாப் படமே விலையுயர்ந்தது.

தனியார் நிலையம் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவுபெற்றிருத்தல் வேண்டும். எக்ஸ் கதிரைப் பயன்படுத்தும் கருவிக்கு 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்கீழ் உத்தரவுப்பத்திரமும் வேண்டும். இவற்றைக் கேட்டறிய நோயாளிக்கு உரிமை உண்டு. அன்றியும், கூறப்படும் விலை படத்திற்கு மட்டுமா, நிபுணரின் அறிக்கையையும் சேர்த்தா என்பதை முன்னரே வினவுதல் வேண்டும்.

இனி, காப்புறுதி. அரசாங்க ஊழியராகிய ஆசிரியர் முதலியோர்க்கு அக்ரஹார என்னும் மருத்துவக் காப்புறுதி உண்டு. அக்கிரகாரம் என்றவுடன் தமிழர்க்கு அந்தணர் தெருவே நினைவுக்கு வரும். கொடையாக விடப்பட்ட நிலம் என்பது அவ்வடசொல்லின் பழம்பொருள். இங்கேயோ கொடை நம் சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் கழிகின்றது! 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இதனை நடத்துகின்றது. இக்காப்புறுதியை “ஏற்கும்” நிபுணர் என்று எவரும் இல்லை. உறுப்பினர் முதலிற் பணம் செலுத்திப் பின்னர் நிதியத்திடம் மீளப்பெறுவதே இதன் முறை. பெரும்பாலும் வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே இது உதவுவது. ஆதலின் வெளிநோயாளராய் எடுக்கும் ஸ்கானுக்குப் பணம் கிடைக்குமா என்பதை, எடுத்த பின்னரன்றி எடுக்குமுன்னரே அலுவலகத்தில் அறிதல் வேண்டும். வைத்தியரின் கடிதம், நிபுணரின் அறிக்கை, பெயரும் நாளும் தெளிவாயுள்ள மூலப் பற்றுச்சீட்டு, நோய் நிர்ணய அட்டை ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் கோரிக்கை திரும்பிவரும். மூலத்தை அனுப்புமுன் பிரதி எடுத்துவைத்தல் அறிவுடைமை.

பாடசாலை மாணவர்க்கு 2017 இற் தொடங்கப்பட்ட சுரக்ஷா காப்புறுதி உண்டு. இதன் விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், பிள்ளை நோயுற்றவுடன் அதிபரின் அலுவலகத்தில் வினவுதல் பெற்றோர் கடன். தாமே முன்வந்து கூறுதல் வகுப்பாசிரியர் கடன். சத்திரசிகிச்சை போன்ற பெருஞ்செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகின்றது. முன்னர் இதற்காகக் கொழும்புக்கு அலைய நேர்ந்தது. 2025 பெப்ரவரி முதற் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கும் ஒழுங்கு வந்துள்ளமையின், முசலி மக்கள் தம் பிரதேச செயலகத்தை நாடலாம்.

மீனவர்க்கும் கமக்காரர்க்கும் மேற்கூறிய அக்ரஹார இல்லை. அவர்க்கு அரசாங்க வைத்தியசாலையே காப்புறுதி. அதனை நன்கு பயன்படுத்த அறியாதவன், காப்புறுதிப் பத்திரத்தைப் பெட்டியிற் பூட்டிவைத்துத் திறவுகோலைத் தொலைத்தவனாவான்.

கவனிக்கத்தக்கன

கதிர்வீச்சுக்கு அஞ்சிப் படமெடுக்க மறுப்போரும் உளர்; ஆசையால் ஆண்டுக்குப் பன்முறை எடுப்போரும் உளர். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒவ்வொருவரும் இயற்கையாக ஆண்டொன்றுக்குச் சராசரி 2.4 மில்லிசீவேட் கதிர்வீச்சைப் பெறுகின்றோம். மார்பின் எக்ஸ்றே ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிசீவேட், அஃதாவது அரை மாத இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். வயிற்றின் சி.ரி. ஸ்கானோ 8 முதல் 10 வரை. மூன்று நான்கு ஆண்டு அளவுக்குச் சமம். வேண்டியபோது அஞ்சாது எடுத்தலும், வேண்டாதபோது எடாமையும் முறையாகும். கருவுற்றிருக்கக்கூடும் என்ற ஐயம் சிறிதிருப்பினும் முன்னரே கூறுதல் வேண்டும்.

பித்தப்பையைப் பார்க்கும் ஸ்கானுக்கு வெறுவயிற்றோடும், அடிவயிற்றைப் பார்ப்பதற்கு நீர் அருந்திச் சிறுநீரை அடக்கியும் செல்லும்படி கூறுவர். மன்னார் வரை சென்ற பின் “சாப்பிட்டுவிட்டேன்” என்றால் நாள் மாறும். சி.ரி. ஸ்கானிற் சிலவேளை நாளத்தில் மருந்தேற்றுவர். சிறுநீரக நோயாளரும், நீரிழிவு மாத்திரை உட்கொள்வோரும், முன்னர் மருந்து ஒவ்வாமை கண்டோரும் அதனை மறையாது கூறல் வேண்டும். உடலுள் உலோகமோ இதயத் துடிப்புக் கருவியோ உள்ளவர் எம்.ஆர்.ஐ. அறைக்குட் புகுமுன் அறிவித்தல் இன்றியமையாதது.

படங்களையும் அறிக்கைகளையும் நாள்வரிசையில் ஓர் உறையில் இட்டு, ஈரமும் கறையானும் அணுகாமற் காத்தல் வேண்டும். படம் இறுவட்டில் தரப்பட்டால் அதனையும் அவ்வுறையிலேயே வைத்தல் நன்று.

நான்காமவன்

அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் இருந்த மருத்துவர் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தும் நூல்களைத் தமிழாக்கியும் நம் மொழி அக்கலையைத் தாங்கவல்லது என்று காட்டினார். அவர் இட்ட வழியிலே நாம் நெடுந்தூரம் சென்றோமல்லம். ஆகவே முசலியிலே ஒரு மூதாட்டியின் கையில் உள்ள அறிக்கையை, பெரும்பாலும் பள்ளியிற் படிக்கும் பேரப்பிள்ளையே படித்துக் கூற நேர்கின்றது. அப்பிள்ளை தானே நோயை நிர்ணயித்தல் கூடாது. அறிக்கையின் இறுதியிலுள்ள முடிவுரையை எடுத்துக்காட்டி, “இதனை எப்போது எந்த வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்?” என்று கேட்டு வந்தாற் போதும். வாசித்த அறிக்கை வைத்தியரைச் சேராமல் உறைக்குட் கிடந்து, தீர்க்கக்கூடிய நோய் தீராநோயாய் முதிர்ந்த வீடுகள் உண்டு.

மாணவர்காள்! நீவிர் கற்கும் கல்வியின் பயன் பரீட்சையோடு முடிவதன்று. ஒரு படிவத்தை நிரப்புதல், ஒரு தொலைபேசி அழைப்பில் மூன்று வினாவைத் தெளிவாகக் கேட்டல், பற்றுச்சீட்டைப் பேணிவைத்தல் ஆகிய சிறு செயல்களால் ஓர் உயிரைக் காத்தல் நும்மால் இயலும். பழைய மாணவர்காள்! நீவிர் அனுப்பும் பணம் பெரிதே. அதனோடு, “வைத்தியர் எழுதிய கடிதம் எங்கே?” என்ற ஒரு வினாவையும் சேர்த்து அனுப்புமின். ஊரிலுள்ளோர் வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில் உடன்செல்ல ஒருவரை ஒழுங்குசெய்தல் ஸ்கானுக்குப் பணம் கொடுத்தலினும் சிலவேளை மேலான உதவியாம்.

விழாக்காணும் எம் கல்லூரி இத்தகைய நான்காமவர்களை ஆண்டுதோறும் நாட்டுக்கு அளிப்பதாக.